அமிலத்தையும் காரத்தையும் விளக்கிய அறிஞர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ்

இவ்வாண்டு மலருக்கு அறிவியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக் கொண்டனர். மத்ரஸாவில் கிதாபுகளை ஓதி வளர்ந்த நமக்கு வேதியியல் சற்றுத் தொலைவான துறைதான். ஆயினும் மறுக்க இயலாத ஒரு காரணம் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான நாளில், நம் மஹல்லாவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் தனித்து அமர்ந்திருந்தார். வேதியியலில் மதிப்பெண் குறைந்துவிட்டது. ஆறுதல் கூறலாம் என்று அருகில் அமர்ந்தோம். அவரோ, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தாலும் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்தாலும் காரத்துடன் வினைபுரியும்போது ஒரே அளவு வெப்பம்தான் வெளிப்படும் என்று பாடநூல் கூறுவது எப்படிச் சரியாகும், இரண்டும் வெவ்வேறு அமிலங்கள் அல்லவா என்று நம்மிடமே கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. சில வாரங்கள் அவருடைய பாடநூலையும் வேறு சில நூல்களையும் அவருடன் சேர்ந்தே வாசித்தோம். ஆறுதல் சொல்லச் சென்ற நாம் பாடம் கேட்பவராக ஆனோம் என்பதே உண்மை. அந்த வாசிப்பில் நாம் அறிந்துகொண்ட மனிதர்தான் ஸ்வாந்தே அர்ஹீனியஸ். அவரும் தேர்வில் குறைந்த தரம் பெற்றவர் என்பது அம்மாணவருக்கு முதலில் பிடித்த செய்தியாயிற்று.

1859-ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்று சுவீடன் நாட்டின் உப்சாலா நகருக்கு அருகிலுள்ள வீக் என்னும் பண்ணையில் அர்ஹீனியஸ் பிறந்தார். தந்தையார் நில அளவையாளர்; உப்சாலா பல்கலைக்கழகத்தின் பணியில் இருந்தவர். அவருடைய கணக்குப் புத்தகங்களில் எண்கள் வரிசையாகக் கூட்டப்படுவதைப் பார்த்துப் பார்த்தே சிறுவர் கணக்கைக் கற்றுக்கொண்டார் என்றும், மூன்று வயதிலேயே எவரும் கற்பிக்காமல் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1876-இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது உடன் பயின்றோரில் வயதில் இளையவராகவும் அறிவில் முதல்வராகவும் விளங்கினார்.

உப்சாலா பல்கலைக்கழகம் அக்காலத்திலேயே நூற்றாண்டுகள் பல கண்ட கல்விக்கூடம். அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்தவர் பெர் தியோடர் கிளேவே. 1879-இல் ஹோல்மியம், தூலியம் என்னும் இரு தனிமங்களைக் கண்டறிந்த பெரியவர். இயற்பியல் பேராசிரியர் தாலேனும் புகழ் மிக்கவரே. ஆயினும் தாம் செய்ய விரும்பிய ஆய்வுக்கு இவ்விருவரிடமும் வழி இல்லை என்று கருதிய அர்ஹீனியஸ், 1881-இல் ஸ்டாக்ஹோம் சென்று அறிவியல் கழகத்தின் இயற்பியல் கூடத்தில் எட்லுண்ட் என்பவரிடம் சேர்ந்தார். பட்டம் வழங்க வேண்டியவர்களோ உப்சாலாவில்தான் இருந்தனர். இந்த இடைவெளி பின்னர் அவருக்குத் துன்பம் தந்தது.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்துவதில்லை. தூய நீரும் கிட்டத்தட்டக் கடத்துவதில்லை என்றே கூறலாம். இரண்டையும் கலந்தால் அக்கரைசல் நன்றாகக் கடத்துகிறது. கடத்தாத இரண்டு பொருள்கள் சேர்ந்தவுடன் கடத்தும் தன்மை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, கரைசலில் மின்னைச் சுமந்து செல்லும் துகள்களுக்கு அயனி என்று பெயர் சூட்டியிருந்தார். மின்சாரத்தைச் செலுத்துவதால்தான் பொருள் பிளந்து அந்த அயனிகள் உண்டாகின்றன என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. அர்ஹீனியஸ் 1882-83 குளிர்காலத்தில் கரைசல்களை மேன்மேலும் நீர்த்துப்போகச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் அவற்றின் கடத்துதிறனை அளந்தார். நீர் கூடக் கூட, கரைந்துள்ள பொருளின் ஒவ்வொரு பங்கும் முன்னைவிட நன்றாகக் கடத்துவதைக் கண்டார். 1883-ஆம் ஆண்டு மே 17 இரவு தமக்கு விடை தோன்றியதாகவும், முழுவதையும் எண்ணி முடிக்கும் வரை உறங்க முடியவில்லை என்றும் அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மின்சாரம் செலுத்தப்படுவதற்கு முன்பே, நீரில் கரைந்த மாத்திரத்திலேயே அப்பொருளின் ஒரு பகுதி பிரிந்து செயல்படும் நிலையை அடைந்துவிடுகிறது என்பதே அந்த விடை.

இதைக் கிளேவேயிடம் சென்று கூறினார். அவர் மிகவும் சுவையான செய்தி என்று சொல்லிவிட்டு உடனே விடைகொடுத்து அனுப்பிவிட்டார். நாள்தோறும் எத்தனையோ புதிய கொள்கைகள் கிளம்புகின்றன, அவற்றுள் பெரும்பாலானவை தவறாகவே முடிகின்றன என்பது தமது அனுபவம் என்று அப்பெரியவர் பின்னர் இவருக்கு விளக்கினாராம். ஆசிரியரின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1884-இல் நூற்றைம்பது பக்க ஆய்வேட்டைப் பிரெஞ்சு மொழியில் எழுதி உப்சாலாவில் அளித்தார். தேர்வாளர்கள் எதிர்ப்பார்கள் என்று அறிந்திருந்ததால் தம் கருத்தை முழு வடிவில் அதில் வெளிப்படையாக எழுதத் துணியவில்லை. அயனிகளாகப் பிரிகிறது என்று நேராகச் சொல்லாமல், செயல்படும் பகுதி, செயல்படாத பகுதி என்று சுற்றி வளைத்தே எழுதினார். அப்படியும் தப்பவில்லை. ஆய்வேட்டுக்கு நான்காம் தரம் அளிக்கப்பட்டது. வாய்மொழித் தேர்வில் அவர் வாதாடிய திறனுக்காக அது மூன்றாம் தரமாக உயர்ந்தது. பட்டம் கிடைத்தது, ஆனால் அந்தத் தரத்தை வைத்துக்கொண்டு உப்சாலாவில் விரிவுரையாளராக வர இயலாது. இருபத்தைந்து வயதில் அவருடைய ஆய்வு வாழ்க்கை அத்துடன் முடிந்திருக்கக்கூடும்.

அவர் ஒரு காரியம் செய்தார். தம் ஆய்வேட்டின் படிகளை வெளிநாட்டு அறிஞர்கள் சிலருக்கு அனுப்பி வைத்தார். அவர்களுள் ஒருவர், அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த ரீகா நகரில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். பல்வலி, புதிதாகப் பிறந்த பெண் குழந்தை, அர்ஹீனியஸின் ஆய்வேடு ஆகிய மூன்றும் ஒரே நாளில் தமக்கு வந்து சேர்ந்தன என்று ஆஸ்ட்வால்ட் வேடிக்கையாக நினைவுகூர்வது வழக்கம். மூன்றிலும் அதிகத் தொல்லை கொடுத்தது எது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அமிலங்கள் எவ்வளவு விரைவாக வினைபுரிகின்றன என்பதை ஆஸ்ட்வால்ட் பல ஆண்டுகளாக அளந்து வந்தவர். முகமறியாத ஓர் இளைஞர், வேறொரு வழியில் மின் கடத்துதிறனை அளந்து, அதே வரிசையைத் தந்திருப்பதைக் கண்டார். நன்கு கடத்தும் அமிலமே விரைந்து வினைபுரியும் அமிலமாகவும் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதமே அவர் கடல் கடந்து உப்சாலாவுக்கு நேரில் வந்து, தம்மிடம் பணிக்கு வருமாறு அர்ஹீனியஸை அழைத்தார்.

ஆஸ்ட்வால்ட் அங்கு வந்திருந்தபோது கிளேவே உப்புக் கரைசலைச் சுட்டிக்காட்டி, இதற்குள் சோடியம் அணுக்கள் நீந்திக் கொண்டிருக்கின்றன என்றா நீங்கள் நம்புகிறீர்கள் என்று வினவியதாகவும், ஆம் என்ற விடையைக் கேட்டு வியப்புடன் பார்த்ததாகவும் சொல்லப்படுகிறது. அந்த வினா வெறும் பிடிவாதத்தால் எழுந்தது அன்று. சோடியம் நீரில் பட்டால் சீறிப் பற்றும் உலோகம். குளோரின் பசுமஞ்சள் நிற நச்சுக் காற்று. இவை இரண்டும் தனித்தனியே பிரிந்து, நாம் உண்ணும் உப்பு கரைந்த நீரில் அமைதியாக இருக்கின்றன என்றால் எந்த வேதியியலாளர் நம்புவார்? மின்னூட்டம் பெற்ற அயனி வேறு, மின்னூட்டம் இல்லாத அணு வேறு, இரண்டின் குணங்களும் ஒன்றல்ல என்பதை உலகம் ஏற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன.

வெளிநாட்டு அறிஞர் ஒருவர் தேடி வந்ததைக் கண்ட பின்பு உப்சாலாவின் மனம் சற்று இளகியது. அதே ஆண்டின் இறுதியில் அவருக்கு விரிவுரையாளர் தகுதி அளிக்கப்பட்டது. தந்தையார் நோயுற்றிருந்ததால் ரீகாவுக்கு அவர் உடனே செல்லவில்லை. 1885-இல் தந்தையார் காலமானார். அதன் பின்னர், எட்லுண்டின் முயற்சியால் கிடைத்த பயண உதவித்தொகையுடன் 1886 முதல் ரீகா, வூர்ஸ்பர்க், கிராஸ், ஆம்ஸ்டர்டாம், லைப்சிக் என்று ஊர் ஊராகச் சென்று ஆஸ்ட்வால்ட், கோல்ராவுஷ், போல்ட்ஸ்மன், வான்ட் ஹாஃப் ஆகியோரிடம் பணியாற்றினார். கல்வியைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் பயணத்தை அரபியில் ரிஹ்லா என்போம். மத்ரஸா வாழ்வில் நாமும் அதைச் சிறிய அளவில் அனுபவித்தவர் என்பதால், இந்த ஆண்டுகளைப் பற்றி வாசிக்கையில் நமக்கு அவர்மீது தனிப்பட்ட பரிவு உண்டாயிற்று.

இப்பயணத்தின் இடையே 1887-இல், ஆஸ்ட்வால்டும் வான்ட் ஹாஃபும் அவ்வாண்டு தொடங்கிய ஆய்விதழில் தம் கொள்கையை எவ்வித ஒளிவுமறைவும் இன்றி அர்ஹீனியஸ் வெளியிட்டார். வான்ட் ஹாஃபின் ஆய்வு அவருக்குப் பெருந்துணையாக அமைந்தது. சர்க்கரை கரைந்த நீரின் உறைநிலை எவ்வளவு தாழ்கிறதோ, அதே எண்ணிக்கையில் உப்பு மூலக்கூறுகள் கரைந்த நீரில் அது ஏறத்தாழ இரு மடங்கு தாழ்கிறது. கால்சியம் குளோரைடு என்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு. காரணம் தெரியாமல் வான்ட் ஹாஃப் திகைத்திருந்த இடத்தில், உப்பு இரண்டாகவும் மற்றது மூன்றாகவும் பிரிந்திருப்பதால்தான் அப்படி என்று அர்ஹீனியஸ் விடை கொடுத்தார்.

இனி நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றின் கடுமையை மற்றொன்று தணித்து, உப்பும் நீரும் உண்டாகும். இதுவே நடுநிலையாக்கல் வினை. வயிற்றில் புளிப்பு மிகுந்தால் மருத்துவர் தரும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு மருந்து செய்வதும் இதையே. காரத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் அல்கலி என்னும் சொல் அரபியின் அல்கலீ என்பதிலிருந்து சென்றது. உவர்நிலத்துச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பலுக்கு அப்பெயர். சோப்பு, கண்ணாடி ஆகியவற்றைச் செய்தோர் அச்சாம்பலைப் பல நூற்றாண்டுகள் பயன்படுத்தி வந்தனர். வினையை உலகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது என்பதற்காகவே இதைக் கூறினோம். ஆனால் வினையின் உள்ளே நடப்பது என்ன என்பதுதான் தெரியாமல் இருந்தது.

டென்மார்க்கின் தாம்சன் உள்ளிட்ட பலர், நடுநிலையாக்கலின்போது வெளிப்படும் வெப்பத்தை நுட்பமாக அளந்திருந்தனர். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தாலும், நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தாலும், ஒரு மோலுக்கு ஏறத்தாழ 57 கிலோஜூல் வெப்பமே கிடைத்தது. அமிலம் வேறு, காரம் வேறு, உண்டாகும் உப்பு வேறு. வெப்பம் மட்டும் ஒன்று. பழைய கருத்தின்படி இது விளங்காத புதிர். அர்ஹீனியஸின் கருத்தை ஏற்றால் புதிரே இல்லை. நீரில் கரைந்தால் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். வலிமை மிக்க அமிலமும் காரமும் நீரில் ஏற்கனவே பிரிந்துதான் கிடக்கின்றன. உப்பும் அங்கே பிரிந்தே இருக்கிறது. ஆகவே சோடியம், பொட்டாசியம், குளோரைடு, நைட்ரேட் ஆகிய அயனிகள் வினைக்கு முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே பின்பும் இருக்கின்றன. வினையில் அவற்றுக்குப் பங்கே இல்லை. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவது ஒன்றுதான் உண்மையில் நடக்கும் மாற்றம். எல்லாக் கலவையிலும் நடப்பது அதே ஒரு வினை என்றால் வெப்பமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்!

எதிர்ப்புறத்திலிருந்தும் இதைச் சோதிக்கலாம். ஹைட்ரோசயனிக் அமிலம் மிகவும் வலுக்குறைந்தது. நீரில் மிகச் சிறிதளவே பிரிந்திருக்கும். காரத்தைச் சேர்க்கும்போது அது முதலில் பிரிந்தாக வேண்டும். பிரிப்பதற்கே வெப்பத்தில் பெரும்பகுதி செலவாகிவிடுவதால், அங்கே வெளிப்படுவது ஏறத்தாழ 12 கிலோஜூல் மட்டுமே. புளிக்காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்தில் அந்தச் செலவு குறைவு. வெப்பம் 57-க்குச் சற்றே குறைகிறது. இதை வாசித்த இரவு நம் மாணவர் காகிதத்தில் அயனிகளை எழுதி, மாறாதவற்றை இருபுறமும் அடித்துவிட்டு, மிஞ்சியதை நம்மிடம் காட்டினார். எந்த அமிலத்தை எழுதினாலும் கடைசியில் நீரே எஞ்சி நின்றது. தேர்வுக்கு முன்பே இதை எவரேனும் சொல்லியிருக்கலாகாதா என்று அவர் வருந்தியதில் நியாயம் உண்டு. பாடநூல் அந்த எண்ணைத் தருகிறதே ஒழிய, அந்த எண்ணுக்காக ஒரு மனிதர் பட்ட பாட்டைத் தருவதில்லை.

அதன் பின்னர் அர்ஹீனியஸின் வாழ்வு மேல்நோக்கியே சென்றது. வெப்பம் கூடும்போது வேதிவினையின் வேகம் எவ்வாறு பெருகுகிறது என்பதற்கு 1889-இல் அவர் விளக்கம் அளித்த சமன்பாடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1891-இல் ஸ்டாக்ஹோம் உயர்கல்லூரியில் விரிவுரையாளரானார். 1895-இல் பேராசிரியர் பதவி கிட்டியது. அதற்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயு இரு மடங்கானால் பூமியின் வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி வரை உயரும் என்று 1896-இல் கையாலேயே கணக்கிட்டு வெளியிட்டார். குளிர் நாட்டவரான அவர் அந்த வெதுவெதுப்பை நன்மை என்றே எண்ணினார் என்பதை இன்று வாசிக்கும்போது வியப்பாக இருக்கிறது.

1903-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற முதல் சுவீடன் நாட்டவர் அவரே. அவருடைய பணி இயற்பியலைச் சேர்ந்ததா, வேதியியலைச் சேர்ந்ததா என்று குழுவினருக்கே குழப்பம் ஏற்பட்டு, இரு பரிசுகளிலும் பாதிப் பாதி வழங்கலாமா என்றும் பேசப்பட்டது. அவ்வேளையில் வேதியியல் குழுவின் தலைவராக இருந்தவர் வேறு எவருமல்லர், பெர் தியோடர் கிளேவேதான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு எந்த ஆய்வைத் தாழ்த்தி மதிப்பிட்டவர்களுள் ஒருவராக இருந்தாரோ, அந்த ஆய்வுக்கே உலகின் உயர்ந்த பரிசு தம் தலைமையின் கீழ் செல்வதை அவர் கண்டார். தம் தீர்ப்பு தவறு என்று தெரிந்த பின்பு அதிலேயே நின்றுகொள்ளாதவரை நாம் பெரியவர் என்றே கருதுகிறோம். இந்த வரலாற்றில் நம் மனத்தில் அதிகம் தங்கியவர் அர்ஹீனியஸா, கிளேவேயா என்று கேட்டால், விடை சொல்லச் சற்றுத் தயங்குவோம்.

ஏனெனில் அடுத்த பகுதி இனிமையானதன்று. 1905-இல் அவருக்கென்றே ஸ்டாக்ஹோமில் நோபல் நிறுவனத்தின் இயற்பிய வேதியியல் ஆய்வகம் ஏற்படுத்தப்பட்டு, அதன் இயக்குநராக இறுதிவரை இருந்தார். பரிசு யாருக்கு என்னும் விவாதங்களில் அவருடைய சொல்லுக்குப் பெரும் எடை இருந்தது. தனிமங்களின் அட்டவணையை 1869-இல் வகுத்த ரஷ்ய அறிஞர் மென்டெலீவின் பெயர் 1906-இல் பரிசுக்கு முன்மொழியப்பட்டபோது, அது பழைய கண்டுபிடிப்பு என்று கூறி அர்ஹீனியஸ் எதிர்த்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மென்டெலீவ் முன்னர் அயனிக் கொள்கையைக் கடுமையாக மறுத்தவர் என்பதும் அவர்கள் மறவாமல் குறிப்பிடும் செய்தி. அந்த ஆண்டுப் பரிசு வேறொருவருக்குச் சென்றது. 1907 பிப்ரவரியில் மென்டெலீவ் பரிசு பெறாமலேயே மறைந்தார். ஒரு காலத்தில் நண்பராக இருந்த நெர்ன்ஸ்டுக்கும் அவ்வாறே நெடுங்காலம் தடை நின்றது. போதாக்குறைக்கு, மனித இனங்களைத் தரம் பிரித்து மேம்படுத்துவது என்னும் பெயரில் அன்று ஐரோப்பாவில் பரவிய தவறான இயக்கத்திலும் அவர் பங்கு கொண்டார்; 1922-இல் உப்சாலாவில் இன உயிரியலுக்கென அரசு நிறுவனம் அமைந்ததில் அவருக்கும் கை உண்டு. மூன்றாம் தரம் என்று முத்திரை குத்தப்பட்டதன் வலியை அறிந்த ஒருவர் மனிதர்களையே தரம் பிரிக்கத் துணை நின்றதை எண்ணும்போது மனம் கசக்கிறது. இதை விட்டுவிட்டு எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும் என்று நண்பர் ஒருவர் கூறினார். ஒருவரின் வரலாற்றை எழுதுகிறோம் என்று ஒப்புக்கொண்ட பின் பாதியை மறைப்பது முறையன்று என்று நாம் அதற்கு இணங்கவில்லை.

அவருடைய அமில, காரக் கொள்கைக்கும் எல்லை இருந்தது. அம்மோனியாவில் ஹைட்ராக்சைடு இல்லை. ஆயினும் அது காரமாகவே நடந்துகொள்கிறது. நீரே இல்லாத கரைசல்களிலும் அமில, கார வினைகள் நிகழ்கின்றன. 1923-இல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தின் லவுரியும் தனித்தனியே, ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம், ஏற்பது காரம் என்று வரையறையை விரிவாக்கினர். அர்ஹீனியஸ் அப்போது உயிருடன் இருந்தார். புதிய வரையறை பழையதை அழிக்கவில்லை, தனக்குள் அடக்கிக்கொண்டது. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் முதலில் அர்ஹீனியஸின் வரையறையையே கற்கின்றனர்.

1927-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று ஸ்டாக்ஹோமில் அவர் காலமானார். உடல் உப்சாலாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.